பேனரில் இருக்கும் பல்லும் வாயில் இருக்கும் பல்லும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். ஆந்திரத்தின் குப்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. தை மாதம் கல்யாணம். கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு குப்பம் பக்கம்.

மேல் முன்பற்களில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள், நடுவில் குறுக்காக ஒரு பழுப்புப் பட்டை. நினைவு தெரிந்த நாள் முதல் இப்படித்தான். நிச்சயதார்த்தத்துக்கு வைத்த பேனரில் போட்டோகிராபர் இவரைக் கேட்காமலே பல்லை வெளுத்துவிட்டார். "பேனரைப் பார்த்துட்டு அவங்க பெரியம்மா, 'போட்டோல ஒரு பல்லு, நேர்ல ஒரு பல்லா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க டாக்டர் அம்மா. அன்னையிலிருந்து வாயிலிருந்து கையை எடுக்க முடியல" என்கிறார். ஒரு மாதம் எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா குழைத்துத் தேய்த்திருக்கிறார். பிறகு ஆன்லைனில் வாங்கிய கரிப் பொடி. ஃபுளோரைடுதான் பல்லைக் கெடுக்கிறது என்று யாரோ சொன்னதால் ஃபுளோரைடு பேஸ்டையும் நிறுத்திவிட்டார். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது. எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டு, பின்னால் ரூட் கெனால் செய்த ஒரு முன்பல் மட்டும் தனியாகக் கறுத்திருக்கிறது.

டவுனில் ஒரு பார்லரில் 'ஒரே சிட்டிங்கில் லேசர் ஒயிட்னிங்' செய்வதாகச் சொல்கிறார்களாம். அத்தை புற்றுநோய் வரும் என்கிறார். அம்மா, பல்லில் படிந்த காரையை எடுத்தாலே பல் ஆடிப்போகும் என்கிறார். எதைச் செய்வது என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "என் குழந்தைக்கும் இப்படித்தான் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

எதிரில் உட்கார்ந்திருந்தால் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டிருப்பேன். கடிதம் என்பதால் 'நீங்கள்'.

நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போட்டோவை வைத்து முடிவு சொல்வது என் வழக்கமல்ல. வாயைத் திறந்து, பல்லை ஈரமாகவும் உலர்த்தியும் பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் பல் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். இது நீங்கள் சரியாகப் பல் தேய்க்காததால் வந்த கறை அல்ல. கால்சியம் குறைவும் அல்ல. இவ்வளவு நாள் அந்தப் பழியைச் சுமந்திருந்தால் இன்றோடு இறக்கி வையுங்கள்.

முதலில் கறைக்குப் பெயர் வைப்போம்

உங்கள் பட்டறையில் தினமும் பார்க்கிறீர்கள். கிரானைட் பலகை மேல் படிந்த சேறு, தண்ணீர் அடித்தால் போய்விடும். கல்லுக்குள்ளேயே ஓடும் துருக்கோடு எத்தனை முறை கழுவினாலும் போகாது. பல்லிலும் அப்படி இரண்டு வகை உண்டு. டீ, வெற்றிலை, புகையிலை, காரை எல்லாம் மேலே படிபவை. காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கும் பாலிஷும் போதும். உங்களுடையது பல்லின் வெளி ஓடான எனாமல் உருவாகும்போதே அதற்குள் விழுந்தது. பெயர் ஃபுளோரோசிஸ்.

காரணம் நீங்கள் கணக்கு எழுதும் அதே கல்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பூமிக்கடியில் கருங்கல் பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. போர் கிணறு ஆழமாகப் போகப்போக, தண்ணீர் பாறையோடு அதிக காலம் கிடந்திருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்றது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தவர்களின் எனாமலில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தாது சரியாக இறுகாமல் நுண்துளைகள் தங்கிவிடும். அங்கே வெளிச்சம் சிதறுவதால் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. பல் முளைத்த பிறகு, சாப்பாட்டிலும் குடிப்பதிலும் உள்ள நிறம் அந்தத் துளைகளில் இறங்கிப் பழுப்பாகிறது.

இது ஏதோ உங்கள் வீட்டுக் கதை அல்ல. குடிநீர் ஃபுளோரைடு மனிதரின் எலும்பையும் பல்லையும் பாதிப்பதை இந்தியாவில் மருத்துவர்கள் முதன்முதலாக விவரமாகப் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். காவிரித் தண்ணீரை நம் மாவட்டத்துக்கும் தருமபுரிக்கும் குழாயில் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்பது சேர்ந்திருக்கிறது. அது செயல்பாட்டுக்கு வந்தது 2013இல். அதற்குள் உங்கள் முன்பற்கள் முளைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உங்கள் கூடப் படித்தவர்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தப் பட்டை இருந்திருக்கும். யாரும் கையால் வாயை மூடியிருக்க மாட்டார்கள்.

ஆய்வுகள் சொல்வதும், யாரைப் பற்றிச் சொல்கின்றன என்பதும்

பல் வெளுப்பதற்கு உண்மையில் வேலை செய்யும் மருந்து ஒன்றுதான்: பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ, அதை மெதுவாக வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடாகவோ இருக்கும். எனாமலைக் கடந்து உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறுப் புண்ணுக்கு இரவில் பல் தட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கார்பமைடு பெராக்சைடு உள்ள ஒரு கிருமிநாசினி கொடுத்தார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு மருத்துவர்கள் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இரவில் பல்லில் மாட்டும் ட்ரேயில் வைத்து வெளுக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றுவரை அதிகமாகச் சோதிக்கப்பட்ட முறை அதுதான். அந்த 10 சதவீதம் என்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு, வீட்டில் வைத்து வெளுக்கும் முறைகளைப் பற்றி 2018இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 71 ஆய்வுகள், 3,780 பேர். வெறும் ஜெல் வைத்தவர்களைவிட மருந்து ஜெல் வைத்தவர்களுக்குப் பல் வெளுத்தது. பல் கூச்சமும் ஈறு எரிச்சலும் வந்தன. பெரும்பாலும் லேசானவை, தானாக அடங்கியவை. ஆனால் அதே தொகுப்பு, இந்தச் சான்றுகளின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றும் சொல்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் சில வாரங்களோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக நிறத்தை அளந்திருக்கிறார்கள். விளம்பரக்காரர் முதல் பாதியை எடுத்துக்கொள்வார். பயமுறுத்துகிறவர் இரண்டாவது பாதியை எடுத்துக்கொள்வார். நான் இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்: குறைந்த அளவு மருந்து, மருத்துவர் பார்வையில், சில வாரம் என்றால் நம்பிக் கொடுக்கலாம், 'பத்து வருடம் அப்படியே இருக்கும்' என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இனி உங்களுக்கு முக்கியமான விஷயம். இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் யார்? சொத்தை இல்லாத, முன்பல்லில் பில்லிங் இல்லாத, கூச்சம் இல்லாத, வெறுமனே மஞ்சளாக இருக்கும் பல் உள்ளவர்கள். ஃபுளோரோசிஸ் இருந்தால் பல ஆய்வுகளில் சேர்க்கவே மாட்டார்கள். அதாவது உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே கிடைத்த விடை அது. 'ஒயிட்னிங் நன்றாக வேலை செய்யும்' என்பது உண்மைதான். உங்கள் பல்லைப் பற்றிச் சொல்லப்பட்ட உண்மை அல்ல.

ஃபுளோரோசிஸ் பல்லில் பெராக்சைடு என்ன செய்யும்? பழுப்புப் பட்டையை ஓரளவு மங்கவைக்கும். வெள்ளைத் திட்டை அகற்றாது. சொல்லப்போனால் முதல் சில நாட்களில் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் அழுதுகொண்டே போன் வரும். அந்த அனுபவம் எனக்கு உண்டு. பிறகு சுற்றியுள்ள பல்லும் வெளுத்து வரும்போது வித்தியாசம் குறையும். அப்போதும் மீதி இருப்பதற்கு வேறு கைவேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

பார்லர், நீல விளக்கு, 'லேசர்'

அந்த நீல வெளிச்சம் பெரும்பாலும் லேசரே அல்ல, சாதாரண எல்இடி விளக்கு. எங்கள் கிளினிக்குகளிலும் அப்படி ஒரு விளக்கு உண்டு. நானே முன்பு பயன்படுத்தியிருக்கிறேன். விளக்கு வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், கடைசியில் கிடைக்கும் நிறத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கூச்சம் கூடலாம் என்கின்றன சில. இப்போது என் விளக்கு மூலையில் நிற்கிறது, துணி போர்த்தி.

'முன்–பின்' போட்டோவில் ஒரு சூட்சுமம் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். உதட்டை விலக்கி மாட்டிவிட்டு முக்கால் மணிநேரம் பல்லைக் காயவைத்தால், மருந்தே வைக்காவிட்டாலும் பல் வெளுத்துத் தெரியும். எனாமலில் உள்ள ஈரம் போவதால் வரும் வெளுப்பு அது. எச்சில் மீண்டும் ஊறி ஓரிரு நாளில் அதில் ஒரு பங்கு திரும்பிவிடும். போட்டோ எடுப்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தில்.

கிளினிக்கில் ஒரே உட்காரலில் செய்வதற்கு 35 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு வைக்கிறோம். ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாகும். அதனால் முதலில் ஈறு ஓரம் முழுக்கப் பிசின் பூசி மறைக்கிறோம். பார்லர் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று செய்கிறவருக்கே தெரியாத நிலையை நான் பார்த்திருக்கிறேன். அது பெராக்சைடாக இல்லாமல் அமிலத்தன்மையுள்ள குளோரின் டைஆக்சைடாகவும் இருக்கலாம். அது எனாமலின் பளபளப்பையே அரித்துவிடும். போன வருடம் ஒரு பெண் வெந்த ஈறோடு வந்தாள், அவளுக்கும் மறுவாரம் கல்யாணம்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் வந்த காலத்திலிருந்தே, பதிவு பெற்றவர்தான் பல் மருத்துவத் தொழில் செய்யலாம். அந்தப் பதிவுக்கு ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் தனித்தனிக் கவுன்சில் உண்டு. பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இலேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரையுள்ள பொருளைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம், முதல் முறை அவர் பார்வையில்தான் தொடங்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் கூடாது. நம் ஊரில் செல்போனில் ஆர்டர் போட்டால் எல்லாம் வாசலுக்கு வருகிறது.

எலுமிச்சை, கரி, கூச்சம், புற்றுநோய்

எலுமிச்சையை இன்றே நிறுத்துங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு குறையக் குறைய அமிலம் அதிகம்; அது 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. தேய்த்தவுடன் பல் வழவழவென்று சுத்தமாகத் தெரிந்திருக்கும். மேல் தோல் கரைந்ததால் வந்த வழவழப்பு அது. ஆப்ப சோடாவைப் பாவம் விட்டுவிடலாம், தனியாக அது அவ்வளவு கரடு இல்லை. கரிப் பொடி பல்லை வெளுக்கும் என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ போதுமான சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு மதிப்பாய்வு சொன்னது. நம் தாத்தாக்கள் கரியில் தேய்த்தார்களே என்பீர்கள். தேய்த்தார்கள், அவர்கள் பல் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதையும் நான்தான் பார்த்தேன்.

கூச்சம் இருக்கும் பல்லில் பெராக்சைடு வைப்பது எரியும் அடுப்பில் எண்ணெய் விடுவது. முதலில் அது அடங்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் இரண்டு வாரம், அதோடு ஃபுளோரைடும் இருக்கட்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஃபுளோரைடு பேஸ்டை நிறுத்தினால் பட்டை குறையாது. எனாமல் உருவாகி முடிந்த பிறகு பேஸ்டால் ஃபுளோரோசிஸ் வராது. மாறாக, எலுமிச்சை அரித்த இடத்தை இறுக்குவது அதே ஃபுளோரைடுதான். உள்ளே போகும் தண்ணீர் வேறு, துப்பும் பேஸ்ட் வேறு.

அத்தையிடம் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஹைட்ரஜன் பெராக்சைடை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்தச் சான்று போதவில்லை. ட்ரேயில் வைக்கும் அளவு மிகக் குறைவு. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் மட்டும் வேண்டாம் என்போம். கேடு நிரூபணமானதால் அல்ல, அந்த நிலையில் யாரும் சோதித்ததில்லை என்பதால். அம்மாவிடம் சொல்லுங்கள்: காரை எடுத்ததால் பல் ஆடாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை சிமெண்ட் போலப் பிடித்துவைத்திருக்கும். எடுத்ததும் உண்மை தெரியும், பழி நம்மேல் விழும்.

அந்தக் கறுத்த பல்

இதை மற்றதோடு சேர்க்காதீர்கள். அடிபட்டபோது உள்ளே கசிந்த இரத்தமும், ரூட் கெனால் செய்தபோது தங்கிய மிச்சமும்தான் அந்தக் கறுப்பு. வெளியிலிருந்து ஜெல் வைத்து அது மற்ற பற்களோடு சேராது. பல்லின் பின்புறத்தில் சிறு வாசல் திறந்து, உள்ளே மருந்து வைத்து மூடி, சில நாளுக்கொரு முறை மாற்றுவோம். ஒரே பல் என்பதால் வேகமாகவே நிறம் மாறும்.

ஆனால் இதில்தான் உண்மையான ஆபத்தும் இருக்கிறது. சின்ன வயதில் அடிபட்ட பல்லுக்கு உள்ளிருந்து வெளுப்பு செய்தபின், சில வருடங்கள் கழித்து ஈறு ஓரத்தில் வேர் அரிக்கப்படுவதை 1979இல் ஹாரிங்டன், நாட்கின் இருவரும் எழுதினார்கள். கடுமையான பெராக்சைடும் சூடும் சேரும்போது அபாயம் கூடும். அதனால் இப்போது சூடு வைப்பதில்லை, சோடியம் பெர்போரேட் போன்ற மிதமான மருந்தைத் தேர்வு செய்கிறோம், வேருக்குள் மருந்து இறங்காமல் ரூட் கெனால் மேல் சிமெண்ட் அடைப்பு வைக்கிறோம். எக்ஸ்ரே இல்லாமல் இதை யார் தொட வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிறகும் வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே. ஏற்கெனவே வேர் அரித்திருந்தால் வெளுப்பு வேண்டாம், வேறு வழி பேசுவோம்.

ஒன்பது வாரத்தில் என்ன முடியும்

முடியும். ஆனால் ஒரு வாரம்கூட வீணாக்க இடமில்லை.

முதல் இரண்டு வாரம்: பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேலிங், சொத்தை இருந்தால் அடைப்பு, கூச்சப் பேஸ்ட். கறுத்த பல் வேலையையும் இப்போதே தொடங்கிவிடலாம். பல்லின் நிறத்தை நிற அட்டவணையின் மாதிரிப் பல்லோடு வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வோம். 16 நிற மாதிரிகள் உள்ள அந்த வரிசையில் உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து 'ஒண்ணுமே மாறல டாக்டர்' என்பீர்கள்.

மூன்றாவது வாரம் முதல் ஐந்தாவது வாரம் முடிய: உங்கள் பல்லுக்கு அச்சு எடுத்துச் செய்த மெல்லிய ட்ரே. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கடுகு, மிஞ்சினால் ஒரு மிளகு அளவு ஜெல். ஈறில் வழிந்ததைத் துடைத்துவிட்டுத் தூங்குங்கள். கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேகமாக வெளுக்கட்டும் என்று இரண்டு ட்யூபை ஒரே இரவில் காலி செய்தால் கூச்சம்தான் இரட்டிப்பாகும், நிறம் அல்ல. கிளினிக்கில் அதிக அளவு வைப்பதும் வீட்டில் மெதுவாக வைப்பதும் கடைசியில் ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் முடிகின்றன. உங்கள் கூச்சத்துக்கு மெதுவான வழியையே சொல்வேன். டீ, காபியை முழுக்க விட வேண்டியதில்லை. சீர்வரிசை பேச வருகிறவர்களோடு உட்கார்ந்து நிம்மதியாகக் குடியுங்கள்.

பிறகு இரண்டு வாரம் எதையும் தொடக்கூடாது. பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் வெளியேறாமல் பிசின் ஒட்டினால் பிடிக்காது. எட்டாவது வாரம் மீதி வேலை. பழுப்பு பிடிவாதமாக நின்றால் மைக்ரோ அப்ரேஷன்: நீர்த்த அமிலமும் நுண்பொடியும் கலந்த குழம்பால் எனாமலின் மேற்பரப்பைத் துளியளவு பாலிஷ் செய்வது. உங்கள் பட்டறை வேலைதான், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குக் கணக்கில். வெள்ளைத் திட்டுக்கு, நுண்துளைக்குள் தண்ணீர் போன்ற பிசினை ஊறவிட்டு வெளிச்சத்தில் இறுக்குவது. வெளிச்சம் சிதறுவது குறைந்து திட்டு மங்கும். எல்லாத் திட்டும் போகும் என்று சொல்ல மாட்டேன். கறை ஆழமாகவோ எனாமலில் பள்ளமாகவோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பல் நிறப் பூச்சு. முன்பற்களைச் செதுக்கிப் பீங்கான் ஓடு ஒட்டுவதை 26 வயதில் நான் முதலில் சொல்ல மாட்டேன். செதுக்கிய எனாமல் திரும்பி வராது, ஒட்டிய ஓடுகளை ஆயுளுக்குள் சில முறை மாற்ற வேண்டிவரும்.

ஒன்பதாவது வாரம் கல்யாண வாரம், பல்லில் யாரும் கை வைக்க வேண்டாம்.

பேனரில் இருக்கும் அந்தப் பல் மட்டும் கிடைக்காது. அது காகித வெள்ளை. அந்த வெள்ளையில் யாருக்கும் பல் இருக்காது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது: இரண்டு முழ தூரத்தில் பட்டை தெரியாது, கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் உங்களுக்கு மட்டும் தெரியும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் உள்ள ஃபுளோரோசிஸ் தோற்றம் சம்பந்தப்பட்டது. சிகிச்சை செய்யாவிட்டால் பல் விழுந்துவிடாது. மாப்பிள்ளை நேரில் பார்த்துத்தானே சம்மதித்தார்? செய்வதென்றால் உங்களுக்காகச் செய்யுங்கள், செலவுக்காகக் கல்யாணக் கடனோடு இன்னொரு கடன் வாங்காதீர்கள்.

கடைசி வரிக் கேள்வி

உங்கள் பல்லிலிருந்து குழந்தைக்கு இது வராது. இது பரம்பரை அல்ல, தண்ணீர். ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் இருப்பதைப் பார்த்து இரத்தத்தில் வருகிறது என்று நினைக்கிறோம். இருவரும் குடித்தது ஒரே போர் தண்ணீர்.

நிலையான முன்பற்கள் குழந்தை பிறந்த சில மாதங்களில் தாடைக்குள் உருவாகத் தொடங்கும். முதல் மூன்று வயதுதான் அவற்றுக்கு முக்கியம். மற்ற பற்களுக்கு எட்டு வயது வரை கவனம் வேண்டும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, ஃபுளோரைடு மிகுந்த ஊரிலும்கூட. ஆகவே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது பல்லுக்கும் காப்பு. பால் பவுடரைப் போர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நம் பக்கம் நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி, மீதியில் அது இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ வடிகட்டி குறைக்கும். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். குழந்தைக்குப் பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

குழந்தை வளரப்போவது மாப்பிள்ளை வீட்டில். உங்கள் ஊர்த் தண்ணீரைவிட அந்த வீட்டுத் தண்ணீர்தான் இனி முக்கியம். நாள் பார்க்கவோ புடவை எடுக்கவோ அங்கே போகும்போது ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் அவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பிடித்து வாருங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்து கணக்கு தவறும். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவை மட்டும் கேளுங்கள். பாட்டிலைப் பிடிக்கும்போது அந்தப் பெரியம்மாவையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னொரு முறை சிரித்தால் அவர் பல்லையும் கவனியுங்கள். குப்பம் பக்கத்துக்காரர், போர் தண்ணீரில் வளர்ந்தவர் என்றால், எனக்கென்னவோ அதே பட்டை அவர் பல்லிலும் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.